நாளை எண்ணுவோம், பிள்ளையைக் காப்போம்

"பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்று தாய்மார்கள் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இது வெறும் பேச்சு அல்ல. இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

28 நாளை ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்துக்கு எத்தனை நாள்? 280 நாள். ஒரு வாரத்துக்கு 7 நாள். 280 நாளுக்கு 40 வாரம். டாக்டர்களும் இதே கணக்கைத்தான் சொல்கிறார்கள்.

நீங்கள் இப்போது எண்ணும் எழுத்தும் கற்றிருக்கிறீர்கள். இந்த எண்ணும் எழுத்தும் ஒரு பச்சிளங்குழந்தையின் உயிரைக் காக்க உதவும். எப்படி? இந்தப் பாடத்தில் பார்ப்போம். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் இதைப் படிக்க வேண்டும்.

குறைப்பிரசவம் என்றால் என்ன?

37 வாரம் நிறைவதற்கு முன் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம். அந்தக் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம்.

2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குறைமாதக் குழந்தைகள் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் நம் இந்தியாவில் பிறந்தவை. வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

வயிற்றில் குழந்தை வளரும்போது நுரையீரல் கடைசி வாரங்களில்தான் நன்றாக முதிர்கிறது. குழந்தை சீக்கிரம் பிறந்தால் மூச்சு விடத் திணறும். உடம்பில் சூடு நிற்காது. பால் குடிக்கத் தெம்பு இருக்காது. நோய் எளிதில் தொற்றும். பிழைத்த குழந்தைகளிலும் சிலருக்குப் பின்னால் கண், காது, மூளை வளர்ச்சியில் குறை ஏற்படலாம்.

ஏழா, எட்டா?

"ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது" என்று சிலர் சொல்வார்கள். இது சரியல்ல. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையைவிட எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பலம் அதிகம். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே எட்டாம் மாதத்தில் வலி வந்தால் மனம் தளர வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாளை எப்படி எண்ணுவது?

மாதவிலக்கு தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தலைக்குக் குளித்த நாளை அல்ல. தீட்டு கண்ட முதல் நாளை. அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனால், கடைசியாக வட்டம் போட்ட நாள்தான் கணக்கின் தொடக்கம்.

அந்தத் தேதியுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். பிரசவத்துக்கு எதிர்பார்க்கும் தேதி கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு:

கடைசி மாதவிலக்கின் முதல் நாள்: ஜனவரி 10
9 மாதம் கூட்டினால்: அக்டோபர் 10
7 நாள் கூட்டினால்: அக்டோபர் 17

அக்டோபர் 17 என்பது 40 வாரம் நிறையும் நாள். அதிலிருந்து 3 வாரம், அதாவது 21 நாள் பின்னால் போங்கள். செப்டம்பர் 26 வரும். அன்றுதான் 37 வாரம் நிறைகிறது. செப்டம்பர் 26க்கு முன் வலி வந்தால் அது குறைப்பிரசவ வலியாக இருக்கலாம்.

சில பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. சிலருக்குத் தேதி நினைவில் இருக்காது. கவலை வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் குழந்தையின் நீளத்தை அளந்து வாரத்தைச் சொல்லிவிடுவார்கள். நாள் ஆக ஆக ஸ்கேன் சொல்லும் வாரக் கணக்கில் பிழை கூடும். அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறார்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. சொல்லவும் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

முன்கூட்டியே தெரியுமா?

"எனக்குக் குறைப்பிரசவம் ஆகுமா?" என்று ஒரு கர்ப்பிணி கேட்டால், ஆகும் அல்லது ஆகாது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் ஒரே ஒரு சோதனை இன்னும் இல்லை. ஆனால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க முடியும்.

வானம் கறுத்தால் மழை வரலாம். வராமலும் போகலாம். ஆனாலும் காயப்போட்ட நெல்லை வாரி உள்ளே வைக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

1. முன்பு ஒரு முறை குறைப்பிரசவம் ஆனவர்கள். இது மிக முக்கியம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.
2. வயிற்றில் இரட்டைக் குழந்தை இருப்பவர்கள்.
3. கருப்பையின் வாய் குட்டையாக இருப்பவர்கள்.
4. சிறு வயதில், அதாவது 18 வயதுக்கு முன் கர்ப்பம் ஆனவர்கள். 35 வயதுக்கு மேல் கர்ப்பம் ஆனவர்கள்.
5. ஒரு பிரசவம் ஆகி ஒன்றரை வருடத்துக்குள் மறுபடியும் கர்ப்பம் ஆனவர்கள்.
6. இரத்த சோகை உள்ளவர்கள், உடல் எடை மிகவும் குறைந்தவர்கள்.
7. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர்கள்.
8. சிறுநீரில் கிருமி உள்ளவர்கள். எரிச்சல் இல்லாமலும் கிருமி இருக்கலாம்.
9. புகையிலை போடுபவர்கள், பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர்கள். கணவன் வீட்டுக்குள் விடும் பீடிப் புகையும் கெடுதல்தான்.
10. கர்ப்ப காலத்தில் இரத்தம் பட்டவர்கள்.
11. வீட்டில் அடி, உதை வாங்குபவர்கள்.

கடைசியில் உள்ளதை மறுபடியும் படியுங்கள். கர்ப்பிணியை அடிப்பது அவளை மட்டும் அடிப்பது அல்ல. அது வயிற்றுக் குழந்தையையும் தாக்குகிறது.

இந்தப் பட்டியலில் இல்லாத பெண்களுக்கும் குறைப்பிரசவம் ஆவதுண்டு. அது அந்தப் பெண்ணின் குற்றம் அல்ல. "நீ ஓடியாடினாய், நீ கண்டதைத் தின்றாய்" என்று யாரும் அவளைக் குறை சொல்லக் கூடாது.

என்ன சோதனைகள் செய்கிறார்கள்?

கர்ப்பிணிக்குக் குறைந்தது நான்கு முறை பரிசோதனை வேண்டும். முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை, இரத்தக் கொதிப்பு, இரத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் மிகவும் ஆபத்து.

இந்தச் சோதனைகள் எளியவை. ஆனால் ஆபத்தை இவைதான் முதலில் காட்டுகின்றன. சிறுநீரில் கிருமி இருந்தால் மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம். இரத்த சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். கால்சியம் மாத்திரையும் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. வேறு வேறு நேரத்தில் சாப்பிட வேண்டும்.

ஆபத்து அதிகம் என்று தோன்றினால் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு ஸ்கேன் எடுப்பார்கள். ஐந்தாம் மாத வாக்கில் கருப்பை வாயின் நீளத்தை அளப்பார்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது குட்டை. அப்படி இருந்தால் தினமும் வைத்துக்கொள்ள ஒரு ஹார்மோன் மருந்து தரலாம். சிலருக்குக் கருப்பை வாயில் தையல் போடலாம். எது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

குருகிராமில் நடக்கும் ஆராய்ச்சி

டெல்லிக்குப் பக்கத்தில், ஹரியானா மாநிலத்தில் குருகிராம் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியில் 2015ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. அதன் பெயர் 'கர்ப்பிணி'. நமக்குத் தெரிந்த அதே சொல்தான்.

ஆயிரக்கணக்கான பெண்கள் இதில் சேர்ந்தார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சேர்ந்து பிரசவம் வரை வந்து போனார்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். இரத்தம் கொடுத்தார்கள். வீட்டு நிலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். நம் நாட்டுப் பெண்களில் யாருக்குக் குறைப்பிரசவம் ஆகும் என்று முன்பே கணிப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் நோக்கம்.

இதில் ஒரு பயன் ஏற்கனவே கிடைத்திருக்கிறது. ஸ்கேன் அளவை வைத்து வாரத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் வேண்டும். வெகுகாலமாக நாம் பயன்படுத்தும் சூத்திரம் மேல்நாட்டுப் பெண்களின் அளவுகளிலிருந்து வந்தது. நம் பெண்களுக்கு, அதுவும் நான்காம் மாதத்துக்குப் பிறகு, அது பிழையாகச் சொல்லக்கூடும். 2024ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து இந்தியப் பெண்களின் அளவுகளிலிருந்து ஒரு புதிய சூத்திரத்தை வெளியிட்டன. அதில் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததாக அவர்கள் கண்டார்கள்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் நாள் கணக்குத்தான் முதல் வேலை. வாரம் தெரியாவிட்டால், பிறந்தது குறைமாதக் குழந்தையா, நிறைமாதத்தில் மெலிந்து பிறந்த குழந்தையா என்று சொல்ல முடியாது.

உடல் சொல்லும் அறிகுறிகள்

37 வாரத்துக்கு முன் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

வயிறு விட்டு விட்டு இறுகுவது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் இறுகுவது.
அடி இடுப்பில் மந்தமான வலி. மாதவிலக்கு வலி போன்ற வலி.
குழந்தை கீழே அழுத்துவது போன்ற உணர்வு.
பனிக்குடம் உடைந்து நீர் வழிவது, அல்லது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது.
இரத்தம் படுவது, சளி போல வெள்ளை போவது.

குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓர் உரையாடல்

ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 15. காலை நேரம். ஆஷா பணியாளர் வருகிறார். மருமகள் கர்ப்பிணி. இது அவளுக்கு இரண்டாம் பிரசவம்.

மாமியார்: வாம்மா, உட்காரு. ராத்திரியிலிருந்து இவளுக்கு இடுப்பு வலிக்குதாம். சூட்டு வலிதான். சீரகத் தண்ணி வச்சுக் கொடுத்திருக்கேன்.

ஆஷா: வலி எப்படி இருக்கு, தங்கச்சி? விட்டு விட்டு வருதா?

மருமகள்: ஆமா அக்கா. வயிறு கல்லு மாதிரி ஆகுது. அப்புறம் விட்டுடுது. விடியக்காலையிலிருந்து நேரத்தை எழுதி வச்சிருக்கேன். இதோ பாருங்க.

ஆஷா (காகிதத்தைப் படிக்கிறார்): 6 மணி, 6.12, 6.25, 6.36, 6.48. ஒரு மணி நேரத்துல அஞ்சு தடவை. தீட்டு கண்ட தேதி என்ன?

மருமகள்: ஜனவரி 10. காலண்டர்ல வட்டம் போட்டிருக்கேன். நேத்து ராத்திரியும் எண்ணிப் பார்த்தேன். இன்னிக்கு 31 வாரம் முடியுது.

மாமியார்: எனக்கு நாலு பிள்ளை பொறந்துச்சு. நான் எந்தக் காலண்டரைப் பார்த்தேன்?

ஆஷா: அம்மா, உங்க அனுபவம் பெருசுதான். ஆனா இவளுக்கு முதல் பிள்ளை எப்போ பொறந்துச்சு?

மாமியார் (சற்று நேரம் பேசாமல் இருந்து): எட்டாம் மாசம். மூணு நாள்தான் இருந்துச்சு.

ஆஷா: அதனாலதான் சொல்றேன், அம்மா. இது சூட்டு வலியா இருந்தா டாக்டர் பார்த்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவார். நமக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை. நிஜ வலியா இருந்தா, இப்போ போற ஒவ்வொரு மணி நேரமும் குழந்தைக்கு முக்கியம்.

மாமியார்: இன்னிக்கு சுதந்திர தினம். ஆஸ்பத்திரி லீவு இல்லையா?

ஆஷா: பிரசவத்துக்கு லீவு கிடையாது, அம்மா. நான் 108க்குப் போன் பண்றேன். தங்கச்சி, உன் அட்டையையும் இந்தக் காகிதத்தையும் எடுத்துக்கோ.

மாமியார்: நானும் வர்றேன். இந்தத் தடவை பிள்ளை நல்லபடியா வீடு வரணும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் நிஜ வலியா என்று பரிசோதிப்பார்கள். குழந்தை சீக்கிரம் பிறக்கும் என்று தெரிந்தால் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். டெக்ஸாமெத்தசோன் என்பது அந்த மருந்தின் பெயர். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 4 முறை போடுவார்கள். 24 வாரம் முதல் 34 வாரம் வரை உள்ள கர்ப்பத்துக்கு இது உதவும். தாய்க்குப் போடும் மருந்து குழந்தைக்குப் போய், அதன் நுரையீரலைச் சீக்கிரம் முதிர வைக்கிறது.

இவ்வகை மருந்தின் பயனை நியூசிலாந்து நாட்டு டாக்டர்கள் லிக்கின்ஸ், ஹோவி ஆகிய இருவரும் 1972இல் உலகுக்குச் சொன்னார்கள். பிறகு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தது. முடிவு 2020இல் வந்தது. 25 தாய்மாருக்கு ஊசி போட்டால், இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடிய ஒரு குழந்தை பிழைக்கிறது.

ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வலி முற்றிய பிறகு போனால் அந்த ஒரு நாள் கிடைக்காது. சரியான வாரம் தெரியாவிட்டால், ஊசி தேவையா என்று முடிவு செய்வதும் கடினம். காலண்டரில் போட்ட வட்டத்தின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

தேவைப்பட்டால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு இருக்கும். பிறந்த பிஞ்சை வண்டியில் கொண்டு போவதைவிட, தாயின் வயிற்றில் இருக்கும்போதே கொண்டு போவது நல்லது. ஆகவே "ஏன் அலைக்கழிக்கிறார்கள்?" என்று தயங்க வேண்டாம்.

குழந்தை பிறந்த பின் தாயின் மார்போடு, தோல் மேல் தோல் படும்படி அணைத்து வைக்கச் சொல்வார்கள். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். தாயின் சூடு குழந்தையைக் காக்கிறது. தந்தையும் இப்படி அணைத்துக்கொள்ளலாம்.

செலவுக்கு என்ன செய்வது?

2011 முதல் மத்திய அரசின் ஒரு திட்டம் நடந்து வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். ஆபரேஷன் என்றாலும் இலவசம். மருந்து, சோதனை, சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் இலவசம். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பரிசோதனை இலவசமாக நடக்கிறது. இவை உங்கள் உரிமை. கேட்டுப் பெறுங்கள்.

நினைவில் வைப்போம்

தீட்டு கண்ட முதல் நாளைக் குறித்து வைப்போம்.
12 வாரத்துக்குள் பதிவு செய்வோம்.
முந்தைய குறைப்பிரசவத்தை மறைக்க மாட்டோம்.
பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் திருமணம் செய்ய மாட்டோம்.
இரு பிரசவங்களுக்கு இடையே போதிய இடைவெளி விடுவோம்.
37 வாரத்துக்கு முன் வலி வந்தால் வீட்டில் காத்திருக்க மாட்டோம்.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. ______ வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம்.
2. பிரசவத் தேதியை அறிய ______ மாதமும் ______ நாளும் கூட்ட வேண்டும்.
3. குழந்தையின் ______ முதிர்வதற்காகத் தாய்க்கு ஊசி போடுகிறார்கள்.

ஆ. கணக்குப் போடுங்கள்.
ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிலக்கு மார்ச் 5ஆம் தேதி தொடங்கியது. அவளுடைய பிரசவத் தேதி என்ன? அதற்கு 21 நாள் முன்னால் எந்தத் தேதி வரும்?

இ. பேசிப் பாருங்கள்.
1. உரையாடலில் வரும் மருமகள் எழுதி வைத்த இரண்டு விஷயங்கள் எவை? அவை எப்படி உதவின?
2. மாமியார் மனம் மாறியது ஏன்?
3. இரவில் வலி வந்தால் உங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவீர்கள்? யாரிடம் போன் இருக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் தெருவில் உள்ள ஒரு கர்ப்பிணியின் தாய் சேய் அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் பிரசவத் தேதி எழுதியிருக்கிறதா? இல்லை என்றால் அவருடன் சேர்ந்து கணக்கிட்டு அவர் வீட்டுக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது நர்ஸிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.